பிளேடு சர்வர் மந்தமா, மின்சாரம் அதிகமா: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தனி ரேக் சர்வர் ஒன்று மெதுவானால் அந்த ஒரு பெட்டியைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். பவர் சப்ளை, ஃபேன், நெட்வொர்க் போர்ட் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. பிளேடு அப்படியில்லை, அது சேசி என்ற பொதுப் பெட்டியில் பே (bay) எனப்படும் செருகிடம் ஒவ்வொன்றிலும் செருகும் மெல்லிய சர்வர். ஒரு சேசியில் செருகிய 8, 12 அல்லது 16 பிளேடுகளும் ஒரே பவர் சப்ளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன, ஒரே ஃபேன்கள் இழுக்கும் காற்றில் குளிர்கின்றன, ஒரே சுவிட்ச் மாட்யூல்கள் வழியாக வெளியுலகோடு பேசுகின்றன. அதனால் 3-வது பேயில் தெரியும் தொல்லைக்குக் காரணம் 11-வது பேயில் இருக்கலாம். பின்பக்கம் விளக்கு அணைந்து கிடக்கும் பவர் சப்ளையிலும் இருக்கலாம். இதை யோசிக்காமல் பிளேடைக் கழற்றி மாட்டுவது, மதர்போர்டை மாற்றுவது, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மறுபடி ஏற்றுவது என்று நாட்கள் வீணாவதை அடிக்கடி பார்க்கிறேன். பிளேடில் தெரிவது அறிகுறி, காரணத்தைச் சேசியிலிருந்து தேடத் தொடங்குங்கள் என்பதுதான் இந்த வழிமுறை முழுவதற்கும் அடிப்படை.

கையை வைக்கும் முன்

முதலில் கேட்க வேண்டியது: இதே தொல்லை வேறு எந்தப் பிளேடுக்கெல்லாம் இருக்கிறது? ஒரே பிளேடு என்றால் பயாஸ் (பிளேடின் அடிப்படை அமைப்புகள்), மெமரி, மெசனைன் கார்டு (பிளேடுக்குள் செருகும் நெட்வொர்க் அல்லது ஸ்டோரேஜ் கார்டு) பக்கம் போகலாம். ஒரு சேசி முழுவதும் என்றால் மின்சாரம் அல்லது காற்று. ஒரு ரேக்கின் மேல்பாதியில் இருக்கும் சேசி மட்டும் என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாகக் காற்று. பல சேசிகளில் ஒரே பக்கத்து ஃபேப்ரிக்கை (சுவிட்ச்களின் இணைப்பு வலையை) நம்பியிருக்கும் டிராஃபிக் மட்டும் என்றால் சுவிட்சும் அப்லிங்க்கும் (சேசியிலிருந்து வெளியே போகும் இணைப்பு).

அடுத்தது, ரீபூட் செய்யாதீர்கள். பிராசசர் எத்தனை முறை வெப்பத்தால் வேகம் குறைத்தது என்ற கணக்கை லினக்ஸ் ஒவ்வொரு கோருக்கும் தனியாக வைத்திருக்கும். ரீபூட் ஆனதும் அது பூஜ்யமாகிவிடும், கூடவே நல்ல சாட்சியம் ஒன்று போய்விடும். சேசி மேனேஜரின் லாக், பிளேடின் பிஎம்சி (பிளேடைக் கண்காணிக்கும் தனிச் சிறு சிப்) லாக், ஆப்பரேட்டிங் சிஸ்டம் லாக் மூன்றையும் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். மூன்றின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். சேசி மேனேஜருக்கு என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) அமைக்க மறந்திருப்பார்கள், அதன் நேரம் பல நிமிடங்கள் தள்ளி இருக்கும். அந்த வித்தியாசம் தெரியாமல் லாகைப் படித்தால் காரணத்தை விளைவு என்றும் விளைவைக் காரணம் என்றும் எடுத்துக்கொள்வீர்கள்.

அறிகுறி: ஒரே ஒரு பிளேடு மட்டும் மெதுவாக ஓடுகிறது

பக்கத்துப் பேயில் அதே மாடல், அதே பிராசசர், அதே வேலை. ஆனால் இது மட்டும் கால்பங்கு வேகம் குறைவு.

சமீபத்தில் இந்தப் பிளேடின் மதர்போர்டை மாற்றினார்களா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருக்கும். பவர் புரொஃபைல், டர்போ (தேவைப்படும்போது பிராசசர் வேகத்தை உயர்த்துவது), ஹைப்பர்திரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டுவது), நியூமா அமைப்பு (எந்த மெமரி எந்தப் பிராசசருக்கு அருகில் என்பது), மெமரி வேகம் இந்த ஐந்தையும் நன்றாக ஓடும் பிளேடோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு பிளேடு பிரச்சினைகளில் பெரும்பங்கு இந்த ஒப்பீட்டிலேயே தீர்ந்துவிடும்.

அமைப்பு சரியாக இருந்தால் டர்போஸ்டாட் கருவியை ஓடவிட்டு, முழுச் சுமையில் உண்மையான கிளாக் வேகத்தையும் வெப்பத்தையும் வாட் அளவையும் ஒன்றாகப் பாருங்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் கிடைக்கும். வேகம் குறைவு, வெப்பம் உச்சத்தில் என்றால் ஹீட்சிங்க்கும் தெர்மல் பேஸ்டும் சந்தேகத்துக்குரியவை. வேகம் குறைவு, வெப்பம் சாதாரணம், வாட் ஓர் எண்ணில் ஆணி அடித்தாற்போல நிற்கிறது என்றால் பவர் கேப், அதாவது யாரோ வைத்த மின்சார வரம்பு. வெப்பமும் வாட்டும் தாழ்வாக இருந்து வேகம் அடிமட்டத்தில் சிக்கியிருந்தால் வெளியிலிருந்து யாரோ பிராசசரை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அது அடுத்த அறிகுறியில் வரும். பெரிய வெக்டர் கணக்குகள் ஓடும்போது மட்டும் வேகம் குறைகிறதென்றால் அது கோளாறே இல்லை. குறிப்பாக ஸ்கைலேக் காலத்து சியான் பிராசசர்கள் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளின்போது வடிவமைப்பின்படியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பல அரை அகலப் பிளேடுகளில் இரண்டு பிராசசர்களும் முன்னும் பின்னுமாக இருக்கும். முதல் பிராசசரைக் கடந்து சூடான காற்றுதான் இரண்டாவதுக்குப் போகிறது. எனவே இரண்டாவது சில டிகிரி கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். மற்றப் பிளேடுகளிலும் அதே வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மெமரியை எப்படிச் செருகியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஸ்கைலேக், கேஸ்கேட் லேக் சியான்களில் ஒரு சாக்கெட்டுக்கு (ஒரு பிராசசருக்கு) 6 சேனல் (மெமரிக்குப் போகும் பாதை), ஐஸ் லேக்கில் 8, ஏஎம்டியின் ஜெனோவாவில் 12. எல்லாச் சேனலிலும் ஒரே அளவு மெமரி இருந்தால்தான் தரவு எல்லாவற்றிலும் சமமாகப் பரவும். கூடுதல் மெமரி கேட்டதும் கையில் கிடைத்த இரண்டு டிம் மெமரி அட்டைகளைச் செருகிவிட்டு, மொத்த ஜிபி கூடியதில் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். சேனல்கள் சமமில்லாமல் போனால் கொள்ளளவு கூடி வேகம் குறையும். மெமரி தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி பிழைகள் லாகில் தொடர்ந்து வருகின்றனவா என்பதையும் கவனியுங்கள். சர்வர் நிற்காது, ஆனால் பிழைகள் பெருகினால் சில பிளாட்ஃபார்ம்கள் பாதுகாப்பு முறைக்கு மாறி மெமரி வேகத்தைக் காவு கொடுக்கும்.

இனி நான் மிகவும் கவனமாகப் பார்க்கச் சொல்லும் இடம்: மெசனைன் கார்டின் பிசிஐ லிங்க், அதாவது கார்டுக்கும் பிளேடுக்கும் இடையிலான தரவு இணைப்பு. பிளேடை யாராவது கழற்றிச் செருகிய பிறகு கார்டு முழு அகலத்தில் இணையாமல் போவதுண்டு. கார்டு வேலை செய்யும், போர்ட் பச்சை விளக்கு காட்டும், எந்த அலாரமும் வராது. மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் 8 லேன் (இணையான தரவுப் பாதை) என்றால் ஏறக்குறைய 63 கிகாபிட், 4 லேன் என்றால் அதில் பாதி, சுமார் 31. இரண்டு 25 கிகாபிட் போர்ட் உள்ள கார்டு 4 லேனுக்கு இறங்கிவிட்டால், ஒரு போர்ட் மட்டும் வேலை செய்யும்வரை ஒன்றும் தெரியாது. இரண்டும் சேர்ந்து நிரம்பும் இரவில்தான், 50 போக வேண்டிய இடத்தில் 31-ஐத் தாண்டாமல் நிற்கும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டினால், கார்டால் முடிந்த அகலம் ஒரு வரியிலும் இப்போது கிடைத்திருக்கும் அகலம் இன்னொரு வரியிலும் வரும். புதிய பதிப்புகள் பக்கத்திலேயே டவுன்கிரேடட் என்றும் எழுதிவிடும். இரண்டு வரிகளும் ஒத்துப்போகாவிட்டால் கார்டைக் கழற்றி, கனெக்டரைச் சுத்தம் செய்து, நேராக அழுத்திச் செருகுங்கள்.

இதற்கும் அசையவில்லையா? அப்போதுதான் பிளேடை வேறு பேய்க்கு மாற்றிப் பார்க்கும் சோதனை. தொல்லை பிளேடோடு கூடவே போனால் பிளேடு, பேயிலேயே தங்கினால் மிட்பிளேன் (பிளேடுகளையும் பின்பக்க மாட்யூல்களையும் இணைக்கும் நடுப்பலகை) அல்லது சுவிட்ச் மாட்யூலின் அந்தப் போர்ட். ஆனால் மாற்றும் முன் இரண்டு காரியம். ஒரு டார்ச் எடுத்துக் காலிப் பேய்க்குள் அடித்து மிட்பிளேன் பின்களைப் பாருங்கள். வளைந்த பின் இருக்கும் பேயில் நல்ல பிளேடைச் செருகினால் அதன் கனெக்டரும் கெட்டுப்போகும், ஒரு கோளாறு இரண்டாகிவிடும். அப்புறம், விர்ச்சுவல் கனெக்ட் போன்ற அமைப்புகளில் மேக் முகவரியும் (நெட்வொர்க் அடையாளம்) டபிள்யூடபிள்யூஎன்னும் (ஸ்டோரேஜ் அடையாளம்) அடங்கிய புரொஃபைல் பேயோடு ஒட்டியிருக்கும். பிளேடை மட்டும் நகர்த்தினால் அது வேறொரு சர்வரின் அடையாளத்தோடு எழுந்து, அந்தச் சர்வரின் ஸ்டோரேஜைத் தொடப் பார்க்கும். புரொஃபைலை முதலில் பிரித்துவிட்டு நகர்த்துங்கள்.

அறிகுறி: ஒரு சேசியில் எல்லாப் பிளேடுகளும் ஒரே நேரத்தில் வேகம் இழக்கின்றன

ஒரே நிமிடத்தில் எல்லாமே தடுமாறினால் அப்ளிகேஷனைக் குறை சொல்லாதீர்கள். நேரே சேசி மேனேஜரின் பவர் பக்கத்துக்குப் போங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். டெல் எம்எக்ஸ்7000 சேசியில் 3000 வாட் பவர் சப்ளை 6 வரை இருக்கும். மொத்தம் 18,000 வாட் என்று தோன்றும். கிரிட் ரிடண்டன்சி வைத்திருந்தால், அதாவது ஏ ஃபீடில் (தனி மின்வழியில்) 3, பி ஃபீடில் 3 என்று பிரித்து ஒரு ஃபீடு முழுவதும் போனாலும் தாங்க வேண்டும் என்றால், நம்பிச் செலவழிக்கக்கூடியது 9,000 வாட்தான். ஒரே ஒரு பவர் சப்ளை பழுதானால் தாங்கினால் போதும் என்ற முறையில் 15,000. இந்த எல்லைக்குள் எல்லாப் பிளேடுகளின் உச்சத் தேவையும் அடங்காவிட்டால், ஒரு ஃபீடு போன கணத்தில் சேசி எல்லாப் பிளேடுகளையும் அழுத்தி வேகத்தைக் குறைக்கும். அணைந்துபோவதைவிட மெதுவாவது மேல் என்பதே அதன் வேலை, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

எனவே வரிசையாக: ஏதாவது பவர் சப்ளை பழுதா, ஃபீடில் மின்சாரம் இருக்கிறதா, பிடியூவின் (ரேக்குக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் கருவி) பிரேக்கர் விழுந்ததா, யாராவது சேசி அளவில் பவர் கேப் வைத்தார்களா. கடைசியாகச் சொன்னது அடிக்கடி மறந்துபோகும். குளிரூட்டி பழுதான ஒரு நாளில் தற்காலிகமாக வைத்த கேப், குளிரூட்டி சரியான பிறகும் எடுக்கப்படாமலே இருக்கும்.

மின்சாரம் திரும்பியும் ஓரிரு பிளேடு மட்டும் குறைந்தபட்ச கிளாக் வேகத்திலேயே கிடந்தால், பிராசசரை அழுத்தும் புரோச்ஹாட் சமிக்ஞை விடுபடவில்லை என்று பொருள். பிஎம்சியை ரீசெட் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வேலைகளை வேறு பிளேடுக்கு நகர்த்திவிட்டு, பிளேடை வெளியே இழுத்து மின்சாரம் முழுவதும் வடிந்தபின் மறுபடி செருகுங்கள். சாதாரண ரீபூட்டில் பிளேடுக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் பிஎம்சி பழைய நிலையை மறப்பதில்லை. இதே தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் சேசி, பிளேடு இரண்டின் ஃபர்ம்வேரையும் தயாரிப்பாளர் சேர்த்துச் சோதித்த ஜோடிக்கு உயர்த்துங்கள்.

பிடியூவையும் இதே சமயம் பாருங்கள். இரண்டு ஃபீடும் சுமையைப் பாதிப் பாதியாகச் சுமக்கும்போது, ஒவ்வொன்றும் தன் பிரேக்கர் அளவில் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று போனால் மற்றொன்று 80 சதவீதத்தில் நிற்கும், அதுதான் தொடர்ச்சியான சுமைக்குப் பாதுகாப்பான எல்லை. இரண்டும் தனித்தனியே 60 சதவீதம் காட்டி "இன்னும் இடம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், ஒரு ஃபீடு போகும் நாளில் இரண்டுமே போகும்.

அறிகுறி: ஃபேன்கள் ஓயாமல் உச்ச வேகத்தில் சுற்றுகின்றன

இதைச் சத்தப் பிரச்சினை என்று விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் கசியும் பெரிய ஓட்டை இதுதான். ஃபேன் எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் மின்சாரம் பாதியாகிறது. 60 சதவீதத்துக்கு இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும். அதாவது, ஒரு சிறு காரணத்தால் ஃபேன் 60-லிருந்து 100-க்கு ஏறினால் அதன் மின்செலவு நாலரை மடங்குக்கும் மேல்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் சென்சார் ஃபேனை ஏற்றுகிறது என்பது. சேசி தன் கீழ் உள்ள பிளேடுகளில் அதிகக் குளிர்ச்சி கேட்கும் பிளேடைப் பார்த்துத்தான் ஃபேனை ஓட்டும். சூடான ஒரு பிளேடு 15 சும்மா இருக்கும் பிளேடுகளுக்கும் சேர்த்துக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அதன் ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கலாம், மெசனைன் கார்டு சூடாகியிருக்கலாம். அந்த ஒன்றைச் சரிசெய்தால் சேசியே அமைதியாகும்.

இரண்டாவது, பதில் சொல்லாத பிஎம்சி. பிளேடின் வெப்பநிலை தெரியாவிட்டால் பல சேசிகள் பாதுகாப்புக்காக ஃபேனை ஏற்றிவிடும். எல்லா வெப்ப எண்களும் சாதாரணமாக இருந்தும் ஃபேன் அலறினால், எந்தப் பேயில் எண்ணே வரவில்லை என்று தேடுங்கள். அந்தப் பிளேடின் பிஎம்சியை மட்டும் ரீசெட் செய்தால் பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்போதே தீரும்.

மூன்றாவது, காலிப் பேய்கள். பிளேடு இல்லாத ஒவ்வொரு பேயிலும் பிளாங்க் (இடத்தை மூடும் வெற்றுத் தகடு) இருக்க வேண்டும். காற்று தடை குறைந்த வழியில்தான் போகும். பிராசசரும் ஹீட்சிங்க்கும் நெருக்கியடித்திருக்கும் பிளேடுக்குள் நுழைவதைவிட, திறந்து கிடக்கும் பேய் வழியாக நேராகப் பின்பக்கம் போவது அதற்குச் சுலபம். ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் அதிகமாக அதே ஓட்டை வழியாகப் போகும். பழுதுபார்க்க எடுத்த பிளேடுக்குப் பதில் பிளாங்க் போடாமல் "நாளைக்கே திரும்பி வந்துவிடும்" என்று விட்ட பேய்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். உதிரி பிளாங்க்குகளை ரேக்கின் பக்கத்திலேயே வையுங்கள். பின்பக்கத்தில் மாட்யூல் இல்லாத இடங்களுக்கும், ரேக்கில் சேசிக்கு மேலும் கீழும் இருக்கும் காலி யூனிட்டுகளுக்கும் இதே விதி.

அப்புறம்தான் அறையின் காற்று. ரேக்கின் முன்பக்கத்தில் கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். குளிரூட்டல் துறையின் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கும் நுழைகாற்று வெப்பம் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ். கீழே 21, மேலே 29 என்று வந்தால் அறை போதுமான குளிரோடுதான் இருக்கிறது, பின்பக்கச் சூடான காற்று ரேக்கின் தலைக்கு மேலாகச் சுற்றி முன்பக்கம் வருகிறது என்று அர்த்தம். இதற்காகக் குளிரூட்டியை இன்னும் இரண்டு டிகிரி இறக்குவது தவறான மருந்து. மேல் சேசிக்குக் கொஞ்சம் இதம் கிடைக்கும், மற்ற எல்லா ரேக்குகளுக்கும் வேண்டாத குளிரைத் தயாரித்துக்கொண்டிருப்பீர்கள். வழியை அடையுங்கள்: பிளாங்க் பேனல், கேபிள் துளைகளுக்குப் பிரஷ், முடிந்தால் இடைவழிக்கு மூடி.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வாட் அளவை 3-ஆல் பெருக்கி, காற்று உள்ளே போய் வெளியே வரும்போது ஏறும் டிகிரியால் வகுத்தால், மணிக்கு எத்தனை கனமீட்டர் என்று வரும். 5,000 வாட் எடுக்கும் சேசியில் காற்று 15 டிகிரி சூடாகி வெளியேறினால் மணிக்கு ஏறக்குறைய 1,000 கனமீட்டர். ஒரே ரேக்கில் மூன்று சேசி அடுக்கினால் 3,000. அதன் முன்னால் இருக்கும் துளைத் தரை ஓடுகள் அவ்வளவு காற்றைத் தருகின்றனவா என்று அளக்காமல், இடம் இருக்கிறது என்பதற்காக நான்காவது சேசியை ஏற்றாதீர்கள்.

அறிகுறி: வேலை குறைந்தும் மின்சாரம் குறையவில்லை

சர்வர்கள் பெரும்பாலும் 10 முதல் 50 சதவீதப் பயன்பாட்டில்தான் ஓடுகின்றன என்று கூகுளின் பரோசோவும் ஹோல்ஸ்லேயும் 2007-ல் எழுதினார்கள். அந்த நிலையில்தான் சர்வரின் திறனும் மோசம். பிளேடு சேசியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். உள்ளே இரண்டு பிளேடு இருந்தாலும் சேசி மேனேஜரும் சுவிட்ச் மாட்யூல்களும் ஃபேன்களும் ஓடித்தான் ஆக வேண்டும். நாலு சேசியில் நாலு நாலு பிளேடாகச் சிதறிக் கிடப்பவற்றை இரண்டில் சேர்த்துவிட்டு மற்ற இரண்டை அணைப்பதுபோல் பலன் தரும் ஒற்றை நடவடிக்கை வேறில்லை. ஒரு கிளஸ்டரின் (ஒரே சேவையைச் சேர்ந்து சுமக்கும் சர்வர்கள்) எல்லா நோடுகளும் ஒரே சேசிக்குள் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளைகளின் சுமையைப் பாருங்கள். 80 பிளஸ் டைட்டானியம் தரத்தில் 230 வோல்ட்டுக்கான குறைந்தபட்சத் திறன், 10 சதவீதச் சுமையில் 90, 20-ல் 94, 50-ல் 96, முழுச் சுமையில் 91 சதவீதம். 3,000 வாட் பவர் சப்ளை ஆறு சேர்ந்து 2,000 வாட் சேசியைச் சுமந்தால் ஒவ்வொன்றும் 11 சதவீதத்தில் நொண்டும், இழப்பு 220 வாட்டை ஒட்டி. ஃபீடுக்கு ஒன்றாக இரண்டு மட்டும் விழித்திருந்து மற்றவை ஸ்டாண்ட்பையில் இருந்தால் ஒவ்வொன்றும் 33 சதவீதத்தில் ஓடும், இழப்பு 105 வாட்டை ஒட்டி. பாதிக்கும் கீழே. ரிடண்டன்சியும் அப்படியே இருக்கிறது. பெரும்பாலான சேசிகளில் இந்த வசதி இருக்கும், டைனமிக் பவர் போன்ற பெயரில், பலமுறை அணைத்தே இருக்கும்.

அடுத்து பயாஸ். "எப்போதும் உச்ச வேகம்" என்ற புரொஃபைலை எல்லாப் பிளேடுகளுக்கும் போடுவது நல்ல நோக்கத்தோடு செய்யும் தவறு. சி-ஸ்டேட்டுகளை (கோர்களின் தூக்க நிலைகளை) முழுவதும் அணைத்தால் சும்மா இருக்கும் கோர்கள்கூட மின்சாரத்தை விட்டுக்கொடுக்காது. அதனால் வேலை செய்யும் கோர்களுக்கு டர்போ உயர இடம் கிடைக்காமல், சிக்கனமும் போய் ஒற்றைத் திரெட் வேகமும் போகலாம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேரமாகும் என்பது உண்மைதான். ஸ்கைலேக் சர்வர்களுக்கு லினக்ஸ் டிரைவர் வைத்திருக்கும் அட்டவணையில் சி1-லிருந்து எழ 2 மைக்ரோசெகண்ட், சி6-லிருந்து எழ 133. இந்த 133 மைக்ரோசெகண்ட் உறுத்தும் வேலைகள் இருக்கின்றன, அந்தப் பிளேடுகளில் மட்டும் அணையுங்கள். மற்றவற்றில் கட்டுப்பாட்டை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுங்கள்.

பியூஇ எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். டேட்டா சென்டரின் மொத்த மின்சாரத்தை ஐடி கருவிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுப்பது பியூஇ. சேசிக்குள் இருக்கும் ஃபேன் ஐடி கணக்கில் சேர்கிறது. ஐடி 100 கிலோவாட், மற்றவை 50 என்று வையுங்கள், பியூஇ 1.5. அறை வெப்பத்தை ஏற்றுகிறீர்கள். குளிரூட்டியில் 4 கிலோவாட் மிச்சம், ஆனால் சேசி ஃபேன்கள் ஏறி 6 கிலோவாட் கூடுதலாக எடுக்கின்றன. இப்போது ஐடி 106, மற்றவை 46, மொத்தம் 152. பியூஇ 1.43! அறிக்கையில் முன்னேற்றம், மீட்டரில் 2 கிலோவாட் நஷ்டம். வெப்பம் ஏற ஏற சிப்புகளின் கசிவு மின்னோட்டமும் கூடும், அதுவும் ஐடி கணக்கிலேயே ஒளிந்துகொள்ளும். அதனால் அறை வெப்பத்தை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் மொத்த மீட்டரைப் பாருங்கள், மொத்தம் திரும்ப ஏறத் தொடங்கும் இடத்துக்கு ஒரு டிகிரி முன்பே நில்லுங்கள். பிளேடுகள் அடர்ந்த அறையில் அந்த இடம் சீக்கிரமே வந்துவிடும்.

அறிகுறி: பேக்கப் நேரத்தில் மட்டும் நெட்வொர்க் திணறுகிறது

16 பிளேடுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மாட்யூலுக்கு 10 கிகாபிட் என்றால் உள்ளே 160. மாட்யூலிலிருந்து வெளியே 10 கிகாபிட் அப்லிங்க் நாலு என்றால் 40. நாலுக்கு ஒன்று. பகலில் இது தெரியவே தெரியாது. எல்லாப் பிளேடுகளும் ஒரே நேரத்தில் பேக்கப் தொடங்கினால் தெரியும். அப்லிங்க் வாங்கும் முன், பேக்கப் நேரங்களைச் சேசிவாரியாகக் கலைத்துப் போட்டுப் பாருங்கள். செலவே இல்லாத தீர்வு.

நாலு அப்லிங்க்கில் ஒன்று நிரம்பி மற்ற மூன்று காலியாக இருந்தால் ஹாஷ் முறையே (டிராஃபிக்கை லிங்க்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கணக்கு) காரணம். மேக் முகவரியை மட்டும் வைத்துப் பிரித்தால், ரவுட்டரைத் தாண்டிப் போகும் டிராஃபிக் எல்லாவற்றுக்கும் போகுமிடம் ஒரே கேட்வே மேக்தான், பிரிய வழி குறைவு. ஐபி, போர்ட் எண் சேர்ந்த ஹாஷுக்கு மாற்றுங்கள். அப்போதும் ஒற்றை டிசிபி இணைப்பு ஒரு லிங்க்கின் வேகத்தைத் தாண்டாது, பேக்கப் மென்பொருளில் இணையான ஸ்ட்ரீம்களைக் கூட்டுங்கள்.

சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்த தரவு) ஏறிக்கொண்டிருந்தால் ஆப்டிக்கல் கேபிளின் முனையைச் சுத்தம் செய்து, பிறகு டிரான்சீவரை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: வட்டில் எழுதுவது மட்டும் திடீரென்று மந்தம்

படிப்பது பழைய வேகம், எழுதுவது மட்டும் பல மடங்கு மெதுவு என்றால் உள்வட்டு ரெய்டு கன்ட்ரோலரின் கேஷ் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரியோ கெப்பாசிட்டரோ பழுதானால் கன்ட்ரோலர் ரைட்-பேக்கிலிருந்து (கேஷில் எழுதியதுமே முடிந்தது என்று சொல்வது) ரைட்-த்ரூவுக்கு (வட்டில் எழுதிய பிறகே சொல்வது) தானாக மாறிவிடும். பேட்டரி இல்லாமல் ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தாதீர்கள், மின்சாரம் போனால் தரவும் போகும். வட்டு வெளி ஸ்டோரேஜில் இருந்தால் மல்டிபாத்தில் (ஒரே ஸ்டோரேஜுக்குப் பல வழிகள் வைக்கும் முறை) எத்தனை பாதை உயிரோடு இருக்கிறது, அவை ஸ்டோரேஜின் சொந்தக் கன்ட்ரோலர் வழியாகத்தான் போகின்றனவா என்று பாருங்கள்.

அறிகுறி: விர்ச்சுவல் மெஷின்கள் தடுமாறுகின்றன, பிளேடு ஓய்வாகத் தெரிகிறது

விஎம்வேரில் ரெடி டைம் என்ற எண்ணை, அதாவது மெஷின் பிராசசருக்காகக் காத்திருந்த நேரத்தை, எடுங்கள். நேரடி வரைபடம் 20 விநாடிக்கு ஒருமுறை, அதாவது 20,000 மில்லிசெகண்டுக்குக் கணக்கிடும். நாலு விசிபியு (விர்ச்சுவல் பிராசசர்) உள்ள மெஷினுக்கு மொத்த ரெடி 4,000 என்றால், ஒரு விசிபியுவுக்கு 5 சதவீதம். அதற்கு மேல் தொடர்ந்து நின்றால் பயனர் உணர்வார். மருந்து பெரும்பாலும் விசிபியுவைக் கூட்டுவதல்ல, குறைப்பது. 8 விசிபியு கொடுத்து 2 மட்டும் பயன்படும் மெஷின்கள் ஷெட்யூலரின் வேலையை வீணாகக் கூட்டுகின்றன.

ரெடி டைம் நன்றாக இருந்தால் நியூமா. சாக்கெட்டுக்கு 256 ஜிபி உள்ள பிளேடில் 300 ஜிபி மெஷின் ஒன்றை வைத்தால் அதன் மெமரியில் ஒரு பகுதி அடுத்த சாக்கெட்டில்தான் இருக்கும், ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய் எடுத்துவர வேண்டும். லினக்ஸில் நியூமாஸ்டாட் கருவி இதைக் காட்டும். மெஷினை ஒரு சாக்கெட்டுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்குங்கள், முடியாவிட்டால் நியூமா அமைப்பை மெஷினுக்கும் தெரியும்படி வையுங்கள்.

அறிகுறி: புதிய பிளேடு பவர் ஆன் ஆகவே மறுக்கிறது

பிளேடு கெட்டுப்போகவில்லை. எழுந்திருக்கும் முன் அது தன் உச்சத் தேவையைச் சொல்லிச் சேசி மேனேஜரிடம் அனுமதி கேட்கும். இப்போது ஓடும் பிளேடுகளுக்கு ஒதுக்கிய வாட்டோடு இதையும் கூட்டினால் ரிடண்டன்சி எல்லை தாண்டுகிறது என்றால் அனுமதி கிடைக்காது. உண்மையில் செலவாகும் வாட் குறைவாகத் தெரிவதால் குழப்பமாக இருக்கும், ஆனால் கணக்கு ஒதுக்கீட்டை வைத்து நடக்கிறது. மூன்று வழி உண்டு: இருக்கும் பவர் சப்ளை இடங்களை நிரப்புவது, பிளேடுகளுக்கு அளந்து பார்த்த உச்சத்தை ஒட்டிப் பவர் கேப் வைத்து ஒதுக்கீட்டைச் சுருக்குவது, அல்லது பயன்படாத பிளேடு ஒன்றை அணைப்பது. ரிடண்டன்சியை அணைத்துவிட்டுப் பிளேடை எழுப்பும் நாலாவது வழியும் மெனுவில் இருக்கும். அதைத் தொடாதீர்கள்.